பை வேணுமா, அஞ்சு காசு: தடையே போடாத ஊரில் தடையைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கைத் தடை செய்யலாமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்யலாம் என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதே ஆளிடம் "சரி, உங்கள் வீட்டுக் குப்பையை எதில் கட்டிப் போடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சிங்கப்பூரில் 2018இல் தொடங்கி 2023 வரை நடந்த விவாதம் முழுக்க இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் நடந்த இழுபறிதான். அதனால்தான் பேரங்காடிப் பைக் கட்டணத்தை ஒரு நிகழ்வாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 3 முதல், ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்கள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங், கோல்ட் ஸ்டோரேஜ், ஜயன்ட், பிரைம் எல்லாம் இதற்குள் வந்தன, சுமார் 400 கடைகள், நாட்டிலுள்ள பேரங்காடிகளில் மூன்றில் இரண்டு பங்கு. பிளாஸ்டிக் பைக்கு மட்டும் இல்லை, காகிதப் பைக்கும் காசுதான். மீன், இறைச்சி, பழம் போட்டுக்கொள்ள உருளையிலிருந்து கிழித்தெடுக்கும் கைப்பிடி இல்லாத மெல்லிய பைக்குக் கட்டணம் கிடையாது. எத்தனை பை கொடுத்தோம், எவ்வளவு காசு சேர்ந்தது, அதை என்ன செய்தோம் என்று நிறுவனங்கள் வெளியே சொல்லியாக வேண்டும்.

கவனியுங்கள், இதில் தடை என்று எதுவும் இல்லை. பை வேண்டுமா, வாங்கிக்கொள், காசு கொடு. அவ்வளவுதான். ஆனால் இந்த அஞ்சு காசுக்கு வந்த பேச்சு இருக்கிறதே, ஜிஎஸ்டி ஏறியபோது கேட்ட பேச்சுக்கு அது குறைந்ததில்லை.

எண்கள் எங்கிருந்து வந்தன

2018இல் சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் ஓர் ஆய்வு வெளியிட்டது. வருடத்துக்குக் குறைந்தது 1.76 பில்லியன் பிளாஸ்டிக் பொருள்கள் இங்கே பயன்படுத்தப்படுகின்றன, அதில் 820 மில்லியன் பேரங்காடிப் பைகள், 467 மில்லியன் பிளாஸ்டிக் பாட்டில்கள், 473 மில்லியன் பெட்டி, குவளை போன்ற தூக்கிப் போடும் பொருள்கள் என்று அது கணக்குச் சொன்னது. அந்த 820 மில்லியன்தான் எல்லார் வாயிலும் புகுந்தது. ஆளுக்குப் பிரித்தால் வருடத்துக்கு 146 பை.

அதே ஆண்டு அரசாங்கம் நாடாளுமன்றத்தில் என்ன சொன்னது தெரியுமா? கட்டணம் இப்போது வேண்டாம் என்றது. காரணமும் இருந்தது. பிளாஸ்டிக் பைக்குப் பதில் வேறு ஒருமுறைப் பை கொடுப்பதால் சுற்றுப்புறத்துக்கு நல்லது என்று சொல்ல முடியாது, காகிதப் பைக்கு மரமும் தண்ணீரும் போகின்றன என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பின் ஆய்வைக் காட்டியது. 2020இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்கப்பூர் போன்ற ஊருக்கென்றே கணக்குப் போட்டுப் பார்த்தபோதும் பழுப்புக் காகிதப் பைதான் கடைசியில் நின்றது, நெய்யாத துணிபோல இருக்கும் அந்தப் பாலிப்ரொப்பிலீன் பையை 50 தடவை பயன்படுத்தினால் அதுதான் முதலில் வந்தது. பருத்திப் பைகூட நாம் நினைக்கிற அளவுக்குப் புனிதம் இல்லை. கருத்தரங்குக்குப் போனால் ஒரு பருத்திப் பை, சமூக மன்ற விழாவுக்குப் போனால் இன்னொன்று என்று வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்கள் (நம்மில் யார்தான் இல்லை?) இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் எரியக்கூடிய குப்பை எரிக்கப்படுகிறது. அளவு 90 விழுக்காடு குறைந்து, மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம்தான் நமக்கு மிச்சம் இருக்கும் ஒரே இடம், 2035வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதாவது வீட்டில் ஒழுங்காகக் கட்டிப் போட்ட பை கடலுக்குப் போவதில்லை, ஆமை வயிற்றுக்கும் போவதில்லை. அது உலைக்குப் போகிறது. ஆனால் 2018இல் பொதுமக்கள் கருத்தைக் கிளப்பியது எது? ஆமை மூக்கில் உறிஞ்சுகுழல் சிக்கிய காணொளி, கரையொதுங்கிய திமிங்கிலம், வேறு கடலின் படங்கள். வாட்ஸ்அப்பில் அத்தை ஒருவர் அனுப்பினால் பத்துக் குழுவில் சுற்றி வந்துவிடும். கோபம் உண்மையானதுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் ஒரு பிரச்சினையைப் பார்த்து வந்தது, நம் ஊரின் பிரச்சினை வேறு. நம்முடையது எரிக்கும்போது வரும் கரிவாயு, சாம்பலுக்கு இடமில்லாத பிரச்சினை, அப்புறம் மறுசுழற்சி அவலம். 2022இல் சுமார் பத்து லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 6 விழுக்காடு, அடுத்த ஆண்டு 5.

அந்த 2018, 2019இல் முதலில் விழுந்தது பை இல்லை, உறிஞ்சுகுழல். கேஎஃப்சி 2018 ஜூனில் உறிஞ்சுகுழலையும் பிளாஸ்டிக் மூடியையும் நிறுத்தியது. 270 உணவுக் கடைகள் 2019 ஜூலை 1க்குள் உறிஞ்சுகுழலைக் கைவிடுவதாக உறுதி சொல்லின. பெரிய எதிர்ப்பு வரவில்லை. உடற்குறை உள்ளவர்களுக்கு உறிஞ்சுகுழல் தேவை என்ற நியாயமான குரல் வந்தது, பபிள் டீ ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், அத்துடன் சரி. ஏன்? உறிஞ்சுகுழலில் யாரும் குப்பை கட்டுவதில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கதவு

வெளிநாட்டிலிருந்து வந்து இந்த விவாதத்தைப் படிக்கிறவர்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, அது வீவக வீட்டுக் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) குப்பைக் குழாய். பழைய வீடுகளில் அது சமையலறைச் சுவரிலேயே இருக்கும். இரும்புக் கதவை நம் பக்கம் இழுத்தால் வாய் திறக்கும், உள்ளே வைத்துத் தள்ளினால் பத்து மாடிக்குக் கீழே போய்த் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும். புதிய புளோக்குகளில் குழாய் வீட்டுக்கு வெளியே, மாடிக்கு ஒன்றாக, மின்தூக்கிப் பக்கத்தில். எப்படியிருந்தாலும் குப்பையைக் கட்டித்தான் போட வேண்டும், அது விதி. மேல்மாடியிலிருந்து ஒருவர் மீன் முள்ளையும் புளித்த சாம்பாரையும் அப்படியே கொட்டினால் குழாய் முழுக்க வழிந்து, கரப்பான் ஒவ்வொரு மாடியாக ஏறி வரும். அந்த நாற்றத்தோடு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது பேரங்காடிப் பையைப் பாருங்கள். அகலம் அந்தக் கதவுக்குள் போகிற அகலம். கொள்ளளவு ஒரு சின்னக் குடும்பத்தின் ஒருநாள் குப்பை. இரண்டு கைப்பிடி, ஒரு முடிச்சு, வேலை முடிந்தது. கறுப்பு நிறப் பெரிய குப்பைப் பையை நிறைத்துத் தள்ளினால் கதவில் மாட்டிக்கொள்ளும், அதை நிறைக்கும்வரை காத்திருந்தால் நம் ஊர் வெயிலுக்கு இறால் ஓடு என்ன மணம் மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காகிதப் பையில் ஈரக் குப்பை நிற்காது. ஆகவே மக்கள் அந்தப் பையைச் சேர்த்து வைத்தார்கள். பைக்குள் பை, அதற்குள் பை என்று திணித்து, கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு பொதி. சில வீடுகளில் பாட்டிமார் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்து முக்கோணமாகச் சுருட்டி டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார்கள், கடைக்காரர்கூட அவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்க மாட்டார்.

இவர்களைப் போய் "நீங்கள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிறீர்கள்" என்று சொன்னால் எரிச்சல் வராதா? எங்கள் புளோக்கில் ஓர் அக்கா நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு வந்த சமயத்தில் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, நான் ஓசியில வாங்கிட்டு வந்து வீசலையே, குப்பையத்தானே கட்டுறேன். நாளைக்கு இது இல்லைனா காசு கொடுத்துப் பை வாங்கிக் குப்பையில போடணும். அப்ப பிளாஸ்டிக் குறைஞ்சிருமா?"

அக்கா கேட்டதற்கு வெளிநாட்டு அனுபவம் ஓரளவு அவர் பக்கம்தான் நிற்கிறது. அயர்லாந்து 2002இல் பைக்கு வரி போட்டபோது கடைப் பை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, ஆனால் குப்பைத்தொட்டிப் பையின் விற்பனை ஏறியது. கலிஃபோர்னியாவின் நகரங்களில் வந்த தடைகளை ஆராய்ந்த 2019 ஆய்வொன்று, குறைந்த பிளாஸ்டிக் எடையில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு குப்பைப் பை வடிவில் திரும்பி வந்துவிட்டது என்று காட்டியது. ஆனால் இதே கணக்கு இன்னொரு பக்கமும் பேசுகிறது. முப்பது திரும்பி வந்தால் எழுபது வரவில்லை. அதாவது நம் வீட்டுப் பொதியில் இருந்த எல்லாப் பையும் குப்பை கட்டப் போகவில்லை, பாதிக்கு மேல் வெறுமனே சேர்ந்துகொண்டிருந்தது. அக்கா வீட்டுக் கழுவுதொட்டிக்குக் கீழேயும் அப்படித்தான். அவரே பிறகு சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்கள்

எதிர்ப்பு என்று மொத்தமாகச் சொல்வது சோம்பேறித்தனம். குப்பை கட்டப் பை வேண்டும் என்றவர்கள் ஒரு கூட்டம், அவர்களைப் பார்த்துவிட்டோம். காசு யாருக்குப் போகிறது என்று கேட்டவர்கள் இன்னொரு கூட்டம். முன்பு பையின் விலை பொருளின் விலையில் ஒளிந்திருந்தது, இப்போது பைக்குத் தனியாக வாங்குகிறார்கள் என்றால் பொருளின் விலையைக் குறைத்தார்களா என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு இது நல்ல கேள்வியாகவே படுகிறது. விலையைக் குறைத்ததாக நான் பார்க்கவில்லை, ஆனால் கணக்கை வெளியிட வேண்டும் என்ற விதி வந்ததற்கு இந்தச் சந்தேகம் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

வசதி குறைந்த குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் சுமை என்ற கவலை நாடாளுமன்றத்திலும் வந்தது. இங்கேதான் அஞ்சு காசு என்ற தொகைக்குப் பொருள் இருக்கிறது. ஃபேர்பிரைஸ் 2019இல் ஏழு கடைகளில் சோதனை செய்தபோது பேரங்காடியில் ஒரு தடவை வாங்குவதற்கு 20 காசு, சின்னக் கடைகளில் 10 காசு என்று வைத்தார்கள், எத்தனை பை எடுத்தாலும் அதே காசு. சட்டம் வந்தபோது பைக்கு அஞ்சு காசு என்று மாறியது. ஒரு பை மட்டும் எடுக்கும் தனியாள் தாத்தாவுக்கு 20 காசைவிட அஞ்சு காசு நல்லது, வண்டி நிறைய வாங்கிப் பைக்குள் பை போட்டு எடுக்கிறவருக்கு ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஏறும். இந்த மாற்றம் சரியானது.

2020இல் 55 பேர் கொண்ட குடிமக்கள் பணிக்குழு ஒன்றை அரசாங்கம் கூட்டி, தூக்கிப் போடும் பொருள்களை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டது. பேரங்காடிப் பைக்குக் கட்டணம் என்பது அவர்கள் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று. 2018இல் வேண்டாம் என்ற அரசாங்கம் 2022 மார்ச்சில் மூத்த துணையமைச்சர் ஏமி கோர் வாயிலாகச் சரி என்றது. இடையில் கொவிட் வந்து எல்லாரையும் பொட்டலச் சாப்பாட்டுக்குத் தள்ளியது வேறு. 2020 ஏப்ரல், மே மாத முடக்கத்தில் உணவுப் பொட்டலத்தால் மட்டும் கூடுதலாக 1,334 டன் பிளாஸ்டிக் கழிவு சேர்ந்தது என்று தேசியப் பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் சிலர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு மதிப்பிட்டார்கள்.

"எப்படியும் எரிக்கத்தானே போகிறார்கள், அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களை நான் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் அவர்களுக்குச் சுற்றுப்புற ஆர்வலர்கள் சரியாகப் பதில் சொன்னதே இல்லை. எரிப்பதால் மின்சாரம்கூட வருகிறது, நாட்டின் தேவையில் இரண்டு மூன்று விழுக்காடு. இவர்களிடம் ஆமைப் படம் காட்டிப் பயனில்லை. எண்ணெயைத் தோண்டியெடுத்து, பையாக்கி, கப்பலில் கொண்டுவந்து, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் தூக்கிவிட்டு எரிப்பது எரிபொருளை எரிக்க மிகச் சுற்றுவழி என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் குறைவு. அதற்குப் பதில் மக்கும் பை என்று அச்சடித்த பைகளைச் சில கடைகள் கொடுத்தன. எரிக்கிற ஊரில் மக்கும் பை எங்கே போய் மக்கும்?

ஜூலை 3க்குப் பிறகு

முதல் வாரங்கள் வேடிக்கையாக இருந்தன. கேஷியர் பக்கத்தில் பை தொங்கிய கம்பி உள்ளே போய்விட்டது. சுயமாகப் பணம் கட்டும் இயந்திரத்தில் பையின் பட்டைக்கோட்டையும் ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். செய்யாமல் எடுத்தவர்கள் இருந்தார்கள், நேர்மையை நம்பும் ஏற்பாட்டுக்கு இது புதிதில்லை. பழப் பையை உருளையோடு இழுத்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். கடைக் கூடையையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊரே சிரித்தது. அஞ்சு காசை மிச்சம் பிடிக்க அஞ்சு வெள்ளிக் கூடை!

ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை விழுந்துவிட்டது. பெரிய பேரங்காடிகளில் பை எடுப்பது பாதிக்கும் மேல் குறைந்தது. மக்கள் கருத்து ஒரே இரவில் மாறியதா? கட்டணத்தைத் திட்டியவர்கள் அடுத்த மாதமும் திட்டிக்கொண்டேதான் இருந்தார்கள், கையில் மடித்த பையோடு. அதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. கருத்துக் கணிப்பில் 'ஆதரிக்கிறேன்' என்று டிக் போட்டவர் முன்பு பையே எடுக்காமல் இருந்தாரா என்றால் இல்லை, 'எதிர்க்கிறேன்' என்றவர் கட்டணம் வந்ததும் பை எடுத்துக்கொண்டே இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. "பை வேணுமா?" என்று ஒரு ஆள் முகம் பார்த்துக் கேட்கிறார், வேண்டும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தொகையைவிட அந்தக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரு மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுக்கும் ஒரு சோயா சாஸ் பாட்டிலுக்கும் ஆம் என்று சொல்ல நாக்கு தயங்கும்.

இதை உறுதிசெய்ய இன்னொரு கட்டணத்தைப் பாருங்கள். கோப்பிக் கடையிலும் அங்காடி நிலையத்திலும் (பல உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம்) தபாவ், அதாவது சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போவது, என்றால் பெட்டிக்கு 20, 30 காசு கூடுதலாக வாங்குகிறார்கள், இது பல வருடப் பழக்கம். பைக் கட்டணத்தைவிட நாலு மடங்கு, ஆறு மடங்கு. யாராவது வீட்டிலிருந்து பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்தார்களா? மிகச் சிலர். ஏனென்றால் அந்தக் காசை யாரும் கேட்பதில்லை, மொத்தத்தில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதோடு மடித்த பை சட்டைப் பையில் அடங்கும், பாத்திரம் அடங்காது. மாற்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் காசு ஆளை மாற்றும், இல்லாவிட்டால் அது வெறும் விலையேற்றம்.

சட்டம் தொடாத இடங்கள்

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள். முருங்கைக்காய்க்கு ஒரு சிவப்புப் பை, கீரைக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு ஏனென்றால் ஒழுகும், கறிவேப்பிலை இனாம் ஆனாலும் அதற்கும் ஒரு குட்டிப் பை. கட்டணச் சட்டம் இங்கே வராது. மளிகைக் கடைகளிலும் அப்படித்தான். நம் ஆட்கள் பலர் வாராந்தர வாங்கலைச் சிராங்கூன் சாலைப் பக்கம் செய்வதால், பேரங்காடியில் குறைந்த பை தேக்காவில் கிடைத்துவிடுகிறது. என் வீட்டிலும் இப்போது குப்பை கட்டுவது அந்தச் சிவப்புப் பையில்தான்.

தபாவ் இன்னும் பெரிய கதை. ஒரு செட் பரோட்டாவையும் ஒரு தே தாரிக்கையும் (ஆற்றிய பால் தேநீர்) பொட்டலம் கட்டுவதை நின்று பாருங்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாளில் பரோட்டா. குழம்பு ஒரு சின்னத் தெளிவான பையில், காற்றைப் பிடித்து ரப்பர் பேண்டைச் சுண்டி விடுவார், பந்துபோல நிற்கும். கேட்டால் சம்பல் இன்னொரு பையில். தே இன்னொன்றில், நூல் கட்டி, உறிஞ்சுகுழல் செருகி. எல்லாவற்றையும் போட ஒரு பை. பிளாஸ்டிக் முள்கரண்டி தானாக வந்து விழும். வீட்டுக்குப் போகிறவருக்கு எதற்கு முள்கரண்டி?

எங்கள் பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரரிடம் பாத்திரம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்வார், ஆனால் அவருக்கு விருப்பம் இல்லை, அதை மறைக்கவும் மாட்டார். "போட்டுத் தரேன் தம்பி, உங்களுக்காக. ஆனா பின்னாடி பத்துப் பேரு நிக்கிறாங்க, ஒவ்வொருத்தர் டப்பாவும் ஒவ்வொரு சைஸு. ஒருத்தர் டப்பா சரியாக் கழுவாம வயித்த வலின்னா கடை பேர்தான் கெடும்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. வாடகை, ஆள் கிடைக்காத பிரச்சினை, மதியம் பன்னிரண்டுக்கு வரும் கூட்டம், இதற்கு நடுவில் அவரிடம் மக்கள் கருத்து என்று ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால் எங்கே வைப்பார்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை எந்தக் கணிப்பும் தேடிப் போய்க் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் ஊழியர்கள். அவர்களின் மதியச் சாப்பாடு பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்கு வரும் பொட்டலம், விடியற்காலையே விடுதிக்கு வந்துவிடும், சோறு ஒரு பையில், குழம்பு ஒரு பையில், காய் இன்னொன்றில். மதியம் வரை அது அப்படியே கிடந்து, வெயிலில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட வேண்டும். மூன்று பையையும் தடை செய்துவிட்டுத் தூக்குவாளி கொடுங்கள் என்று சொல்வது சுலபம். சமைக்கும் இடத்துக்கு வாளி திரும்பிப் போக வேண்டும், கழுவ வேண்டும், யாருடைய வாளி யாருக்கு என்று பிரிக்க வேண்டும், அந்தச் செலவு மாதக் கட்டணத்தில் ஏறும், ஊருக்கு அனுப்பும் பணத்தில் இறங்கும். தடை வேண்டும் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து டிக் போடுகிறவர்கள் இந்தப் பொட்டலத்தை ஒருமுறையாவது நினைக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலே செய்தார்களே?

இந்தப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் சொல்வார், தமிழ்நாட்டில் தடை போட்டார்களே, இங்கே ஏன் முடியாது என்று. 2019 ஜனவரி 1 முதல் அங்கே 14 வகைப் பொருள்களுக்குத் தடை. பால், எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு விலக்கு. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது, கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். மஞ்சப்பை எடுத்துப் போவதைக் கேலி செய்த தலைமுறையிடம் அதையே பெருமையாக்கியது சாதாரண வேலை இல்லை, அதை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அங்கே தடைக்குக் காரணம் வடிகால் அடைப்பு, மழையில் தேங்கும் தண்ணீர், குப்பை மேட்டில் பையைத் தின்னும் மாடு. கண்ணுக்கு முன்னால் தெரிகிற காரணம், அதனால் ஆதரவும் வந்தது. அமலாக்கம்தான் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறுகிறது, ஊருக்குப் போகும்போது சால்னா எதில் கட்டித் தருகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே நிலைமை தலைகீழ். தடை போட்டால் அடுத்த நாளே அமலாகும், ஆனால் காரணம் யார் கண்ணிலும் படாது, அது செமாக்காவில் சாம்பலாகக் கிடக்கிறது.

வாழையிலையைப் பற்றியும் கேட்பார்கள். இங்கே வாழையிலை மலேசியாவிலிருந்து வருகிறது. சாப்பிட்டு முடித்தால் அதுவும் ஈரக் குப்பையாக அதே உலைக்குத்தான் போகிறது. கோயில் அன்னதானத்துக்கு இலையா, காகிதத் தட்டா, கழுவும் தட்டா என்றால் நான் கழுவும் தட்டு என்பேன். புதிய அங்காடி நிலையங்களில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கிப் போடும் தட்டு கொடுக்கக் கூடாது என்று நடைமுறை இருக்கிறது, அதற்கு யாரும் சண்டை போடவில்லையே.

என் முடிவு

பொதுத் தடைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டு வரும் விழுக்காட்டுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். பொருளைப் பிரித்து, இடத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி: தடை செய்யலாம், நாளைக்கே செய்யலாம், யாருக்கும் வலிக்காது. தபாவில் கேட்காமல் போடும் கரண்டியும் உறிஞ்சுகுழலும்: தடைகூட வேண்டாம், கேட்டால் மட்டும் கொடு என்று விதி போட்டால் போதும். ஈரச்சந்தைக்கு அஞ்சு காசை நீட்டிப்பது வீண் வேலை, கணக்கெழுதவே காய்கறிக்கடை ஆன்ட்டிக்கு நேரம் போய்விடும். தபாவ் பெட்டி மட்டும் நிஜமாகவே கடினம், அங்கே கடைக்காரருக்கு மாற்றுப் பாத்திரமும் அதைக் கழுவ ஓர் ஏற்பாடும் முதலில் வந்தாக வேண்டும், அதற்கு முன் தடை பேசினால் பரோட்டாவின் விலைதான் ஏறும்.

பாட்டிலில் வேறு வழியைப் பிடித்திருக்கிறார்கள். 150 மில்லியிலிருந்து 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக், உலோகப் பானக் கலங்களுக்கு 10 காசு வைப்புத்தொகை, காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். 2025 ஏப்ரல் என்றார்கள், அப்புறம் 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளினார்கள். இதற்கும் வழக்கம்போல் 'விலை ஏறுகிறது' என்ற முணுமுணுப்புத்தான் முதலில் வந்தது. ஆனால் பைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், காலி பாட்டிலால் வீட்டில் யாருக்கும் உபயோகம் இல்லை, குப்பைக் குழாய் அக்காவும் இதை எதிர்க்க மாட்டார். நான் கேட்டேன். "பத்துக் காசு திரும்பக் கிடைக்குமா, அப்ப உங்க வீட்டு பாட்டிலையும் என்கிட்ட கொடுத்துடுங்க தம்பி" என்றார்.